இரண்டு நானோமீட்டர் காப்பும் மூன்று வோல்ட் மின்கலமும்: குறைமின் கரிம டிரான்சிஸ்டர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடங்கும் திரை, தோலில் ஒட்டும் உணரி, பிளாஸ்டிக் தாளில் உருவான மின்சுற்று என்று செய்தி வரும்போதெல்லாம் படத்தைப் பார்த்து வியக்கிறோம். அந்தச் சுற்று எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்ற விவரம் பெரும்பாலும் செய்தியில் இருக்காது. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். 30 வோல்ட் கேட்கும் சுற்றை எவ்வளவு அழகாக மடக்கினாலும் அதை உடம்பில் ஒட்டிக்கொண்டு நடமாட முடியாது. இந்த வோல்ட் கணக்கை மாற்றியது ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள அடுக்கு. அதைப் பற்றி மாணவர்களும் ஆர்வமுள்ளவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கரிம டிரான்சிஸ்டர் என்றால் என்ன?

டிரான்சிஸ்டர் ஒரு மின் சுவிட்ச். சோர்ஸ், டிரெய்ன் என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே குறைக்கடத்தி இருக்கும். அதை ஒட்டி ஒரு காப்பு அடுக்கு. காப்புக்கு அந்தப் பக்கம் கேட் என்ற மூன்றாவது முனை. கேட்டில் மின்னழுத்தம் கொடுத்தால் குறைக்கடத்தியில், காப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில் மின்னூட்டம் சேர்ந்து பாதை திறக்கும். மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் மூடிக்கொள்ளும்.

கரிம டிரான்சிஸ்டரில் அந்தக் குறைக்கடத்தி சிலிக்கான் இல்லை, கார்பன் மூலக்கூறுகளால் ஆனது. ஐந்து பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய பென்டசீன்தான் இந்தத் துறையில் அதிகம் அடிபடும் பெயர். 1986-இல் ஜப்பானில் மிட்சுபிஷி ஆய்வாளர்கள் பாலிதயோஃபீனைக் கொண்டு செய்த டிரான்சிஸ்டரிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

சிலிக்கானை விட்டு இங்கே வர முக்கியக் காரணம் வெப்பம். சிலிக்கான் சில்லு தயாரிப்பில் சில படிகள் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். கரிம டிரான்சிஸ்டரை 100 டிகிரிக்குள் செய்து முடித்துவிடலாம். அதனால்தான் அடியில் கண்ணாடி, பிளாஸ்டிக், காகிதம் எதை வேண்டுமானாலும் வைக்க முடிகிறது.

அவற்றுக்கு ஏன் 20, 30 வோல்ட் தேவைப்பட்டது?

பலரும் கரிமப் பொருளே சோம்பலானது, அதை ஓட்ட அதிக மின்னழுத்தம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மையான காரணம் காப்பு அடுக்கின் கனம்.

கேட்டும் குறைக்கடத்தியும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. பாதை நன்றாகத் திறக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு மின்னூட்டம் சேர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மின்னூட்டம் என்பது மின்தேக்குதிறனை மின்னழுத்தத்தால் பெருக்கினால் வருவது. மின்தேக்குதிறன் குறைவாக இருந்தால் அந்தக் குறையை வோல்ட்டால் ஈடுகட்ட வேண்டியதுதான்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். பழைய ஆய்வகச் சாதனங்களில் 100 நானோமீட்டர் கனமுள்ள சிலிக்கான் டைஆக்சைடுதான் பெரும்பாலும் காப்பு. அதன் மின்தேக்குதிறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.035 மைக்ரோஃபாரட். 40 வோல்ட் கொடுத்தால் 1.4 மைக்ரோகூலம் சேரும். இப்போது 0.7 மைக்ரோஃபாரட் தரும் காப்பு ஒன்று கிடைத்தால்? அதே 1.4 மைக்ரோகூலத்துக்கு 2 வோல்ட் போதும். குறைக்கடத்தியைத் தொடவே இல்லை, காப்பை மட்டும்தான் மாற்றினோம்.

அப்படியானால் காப்பை மெல்லியதாக்கிவிட்டால் போதுமே?

அங்கேதான் சிக்கல். காப்பு ஒரு சில நானோமீட்டருக்கு இறங்கியதும் எலக்ட்ரான்கள் குவாண்டம் துளைப்பு முறையில் நேராக அந்தப் பக்கம் போய்விடும். அதற்கு முன்பே, படிவில் விழும் ஊசித்துளைகள் வேலையைக் கெடுத்துவிடும். சிலிக்கான் உலகில் உயர் வெப்பத்தில் ஆக்சைடை வளர்த்து இந்தத் துளைகளைத் தவிர்த்தார்கள். பிளாஸ்டிக் தாளின் மேல் அந்த வெப்பத்துக்கு வழியில்லை. பாலிமர் கரைசலைச் சுழற்றிப் பூசினால் பொதுவாக நூற்றுக்கணக்கான நானோமீட்டர் வேண்டும். அதைவிட மெல்லியதாகப் போனால் கசிவு கூடிக்கொண்டே போகும்.

ஆகத் தேவைப்பட்டது இதுதான்: அறை வெப்பநிலையில் உருவாக வேண்டும், இரண்டு மூன்று நானோமீட்டரைத் தாண்டக் கூடாது, துளையும் இருக்கக் கூடாது. எந்த இயந்திரத்தைக் கொண்டு பூசினாலும் இது மூன்றும் சேர்ந்து அமைவது மிகக் கடினம். மூலக்கூறுகளிடமே அந்த வேலையை விட்டுவிடுவதுதான் வழி.

மூலக்கூறுகள் தாமாகவே அடுக்காவது எப்படி?

ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் மூன்று பகுதிகள் உண்டு. அடியில் ஒரு நங்கூரம், நடுவில் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி, மேலே ஒரு முனை. நங்கூரம் குறிப்பிட்ட மேற்பரப்போடு மட்டும் வேதிப் பிணைப்பு போடும். சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலியோடு வான்டெர்வால்ஸ் விசையால் நெருங்கி நிற்கும். மேல் முனை இன்னொரு மூலக்கூறு வந்து ஒட்ட இடம் தராது. அதனால் மேற்பரப்பு நிரம்பியதும் வளர்ச்சி தானாக நின்றுவிடும். கரைசலில் இன்னும் எவ்வளவு நேரம் வைத்தாலும் இரண்டாவது அடுக்கு ஏறாது.

நடவு முடிந்த வயலில் நாற்றுகள் ஒரே திசையில் சற்றுச் சாய்ந்து நிற்குமே, அப்படித்தான் இந்தச் சங்கிலிகளும் நிற்கின்றன. அலுமினியம் ஆக்சைடின் மேல் ஒரு சதுர நானோமீட்டருக்குச் சுமார் நான்கு என்ற நெருக்கத்தில் நிற்கும். 18 கார்பன் கொண்ட சங்கிலி சாய்ந்து நின்றால் உயரம் சுமார் 2.1 நானோமீட்டர். இப்படித் தானாக அமையும் ஒற்றை மூலக்கூறு அடுக்கை (self-assembled monolayer) ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆய்வகங்களில் "சாம்" என்பார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

ஆய்வகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தாளின் மேல் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய விடுவார்கள். அதுதான் கேட். சுமார் 30 நானோமீட்டர் கனம் போதும். பிறகு ஆக்சிஜன் பிளாஸ்மாவில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே இருக்கும் ஆக்சைடு இதனால் சற்றுத் தடித்து 3.6 நானோமீட்டர் அளவுக்கு வரும். அதைவிட முக்கியமாக, மேற்பரப்பு முழுவதும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்துவிடும். நங்கூரம் பிடிக்க அவைதான் வேண்டும்.

அடுத்து, ஆக்டாடெசைல்பாஸ்போனிக் அமிலத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மிக நீர்த்த அளவில் கரைத்து, தாளை அதில் மூழ்க வைத்துவிட்டுச் சில மணி நேரம் காத்திருப்பது. எடுத்துச் சுத்தமான ஆல்கஹாலில் அலசி, சூடான தட்டில் சிறிது நேரம் உலர்த்தினால் காப்பு தயார்.

அடுக்கு சரியாக அமைந்ததா என்று கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. பிளாஸ்மாவிலிருந்து எடுத்த கையோடு ஒரு சொட்டு நீரை வையுங்கள். பரவிக் கண்ணாடிபோல் படிந்துவிடும். சாம் ஏறிய பிறகு அதே இடத்தில் வைத்தால் சொட்டு உருண்டு திரண்டு நிற்கும். சொட்டின் ஓரம் பரப்போடு ஆக்கும் கோணம், அதாவது தொடுகோணம், 100 டிகிரிக்கு மேல் வரும். தாளைச் சற்றுச் சாய்த்தால் உருண்டு ஓடப் பார்க்கும். வெறும் இரண்டு நானோமீட்டர் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு சொட்டு நீர் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும். கோணம் குறைவாக வந்தால், அதற்கு மேல் குறைக்கடத்தியைப் படிய வைப்பது வீண் வேலை.

அப்புறம் குறைக்கடத்தி. அதுவும் வெற்றிடத்தில் ஆவியாகி மெதுவாகப் படியும். தாள் அப்போது 60 முதல் 90 டிகிரி சூட்டில் இருக்கும். கடைசியாகத் துளைத்தகடு ஒன்றின் வழியே தங்கத்தைப் படிய வைத்தால் சோர்ஸும் டிரெய்னும் அமைந்துவிடும்.

எந்த நங்கூரத்தையும் எந்த மேற்பரப்பிலும் பயன்படுத்தலாமா?

முடியாது. தங்கத்துக்கு தயால், சிலிக்கான் டைஆக்சைடுக்கு சிலேன், அலுமினியம் ஆக்சைடுக்கு பாஸ்போனிக் அமிலம் என்பது பொதுவான ஜோடி. டிரைகுளோரோசிலேன் நல்ல பிணைப்பைத் தரும். ஆனால் காற்றின் ஈரம் பட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கட்டி கட்டியாகப் படியத் தொடங்கும். பாஸ்போனிக் அமிலத்துக்கு அந்தப் பிரச்சினை குறைவு, திறந்த மேசையில் வைத்தே செய்யலாம். பிளாஸ்டிக்கின் மேல் சிலிக்கான் டைஆக்சைடை நல்ல தரத்தில் வளர்ப்பதைவிட அலுமினியத்தைப் படிய வைத்து ஆக்சைடாக்குவது மிக எளிது. இந்த இரண்டு காரணங்களால் அலுமினியமும் பாஸ்போனிக் அமிலமும் இந்தத் துறையின் நிரந்தர ஜோடியாகிவிட்டன.

சாம் இவ்வளவு மெல்லியது, ஆக்சைடும் மெல்லியது. மின்னழுத்தத்தை எப்படித் தாங்குகின்றன?

கூட்டிப் பார்த்தால் ஆக்சைடு 3.6, சாம் 2.1, மொத்தம் 5.7 நானோமீட்டர். இதன் குறுக்கே 3 வோல்ட் கொடுத்தால் மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்கு 50 லட்சம் வோல்ட்டைத் தாண்டுகிறது. உலர்ந்த காற்று சுமார் 30,000 வோல்ட்டிலேயே பொறி விட்டுவிடும் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

தாங்குவதற்குக் காரணம் இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று மூடுவது. ஆக்சைடு மட்டும் இருந்தால் கசிவு அதிகம். சாம் ஏறியதும் கசிவு பல மடங்கு இறங்கிவிடும். சங்கிலியில் கார்பன்கள் ஒற்றைப் பிணைப்பில் இருப்பதால் அவற்றுக்குள் எலக்ட்ரான் சுலபமாக நடமாட முடியாது. ஆனால் சாம் மட்டும் என்றால் உலோகத்தின் கரடுமுரடான இடங்களில் இடைவெளி விழும். அங்கே ஆக்சைடு காக்கும்.

எல்லைக்கு அருகில்தான் ஓடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. கையில் இருக்கும் நிலைமின்சாரமே ஒரு சாதனத்தைக் கொல்லப் போதும். தூசி விழுந்த இடத்தில் குறுக்குச்சுற்று நிச்சயம்.

இதை முதலில் செய்து காட்டியது யார்?

பிரான்சில் லீல் நகரைச் சேர்ந்த வுய்யோம் குழுவினர் 2000-இலேயே சாமைக் காப்பாக வைத்துக் குறைந்த மின்னழுத்தக் கரிம டிரான்சிஸ்டரைச் செய்திருந்தார்கள். பரவலான கவனத்தைப் பெற்றது 2004-இல் நேச்சர் இதழில் வந்த வேலை. ஜெர்மனியின் எர்லாங்கனில் இன்ஃபினியன் நிறுவனத்தில் மார்கஸ் ஹாலிக், ஹாகன் கிளவுக், உட்டே ஷீஷாங் முதலியோர் செய்தது. 2.5 நானோமீட்டர் சாம், மேலே பென்டசீன், ஓடியது 2 வோல்ட்டுக்கும் குறைவில். அந்தச் சங்கிலியின் மேல் முனையில் ஒரு ஃபீனாக்சி வளையத்தை வைத்திருந்தார்கள். பென்டசீன் மூலக்கூறுகள் அடுக்குக்குள் ஊடுருவாமல் அந்த வளையங்கள் நெருக்கமாக நின்று தடுத்தன.

ஆனால் எனக்கு இந்தத் துறையின் மையமாகத் தோன்றுவது 2007-இல் அதே நேச்சரில் வந்த இரண்டாவது கட்டுரை. கிளவுக் அப்போது ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் திடநிலை ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தார். அந்தக் கட்டுரை தனி டிரான்சிஸ்டரோடு நிற்கவில்லை. மின்துளைகளை (எலக்ட்ரான் இல்லாத இடங்கள்; நேர் மின்னூட்டம்போல் நகரும்) கடத்தும் பென்டசீனையும், எலக்ட்ரான்களைக் கடத்தும் ஃபுளூரினேற்றிய காப்பர் தாலோசயனினையும் ஒரே தாளில் வைத்து, இரண்டு வகை டிரான்சிஸ்டர்களையும் இணைத்து முழுச் சுற்றுகளாகக் காட்டியது. இன்வெர்ட்டர், நான்ட் கேட், வளைய அலையியற்றி எல்லாம் 1.5 முதல் 3 வோல்ட்டுக்குள் ஓடின. ஒரு லாஜிக் கேட் (டிரான்சிஸ்டரின் கேட் முனை இல்லை, சில டிரான்சிஸ்டர்கள் சேர்ந்த சிறிய தருக்கச் சுற்று) சும்மா இருக்கும்போது எடுத்த மின்னோட்டம் 100 பிக்கோஆம்பியருக்கும் குறைவு, செலவு ஒரு நானோவாட்டுக்கும் குறைவு.

இரண்டு வகைகளும் சேருவது ஏன் முக்கியம்? ஒரே வகையை மட்டும் வைத்துச் சுற்று கட்டினால், சுவிட்ச் ஒரு நிலையில் இருக்கும்போது எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் எதிரெதிராக இருந்தால் எந்த நிலையிலும் ஒன்று மூடியே இருக்கும். நம் கைபேசிச் சில்லுகள் எல்லாம் இந்த முறையில்தான் ஓடுகின்றன.

ஒரு நானோவாட் என்பது நடைமுறையில் எவ்வளவு?

கைக்கடிகாரத்திலும் கார் சாவியிலும் இருக்கும் சிஆர்2032 நாணய மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். 3 வோல்ட், சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி. ஆயிரம் லாஜிக் கேட்டுகள் உள்ள சுற்று சும்மா இருக்கும்போது ஒரு மைக்ரோவாட் எடுக்கிறது என்று வைத்தால், கணக்குப்படி 77 ஆண்டுகள் வரும். மின்கலம் தானாகவே தீர்ந்துபோவது அதற்கு வெகு முன்பே நடக்கும். அதாவது ஓய்வு நிலைச் செலவு ஒரு பொருட்டே இல்லை என்றாகிவிடுகிறது. நாள் முழுவதும் விழித்திருந்து எப்போதாவது ஒரு அளவை எடுக்கும் உணரிகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

மின்னழுத்தம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகும் என்கிறார்களே, இங்கும் அப்படியா?

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பல அறிமுகக் கட்டுரைகள் இங்கே அவசரப்படுகின்றன. சுவிட்ச் மாறும்போது செலவாகும் ஆற்றல் மின்தேக்குதிறனையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 40 வோல்ட் 2 வோல்ட்டாக இறங்கினால் 400 மடங்கு லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த இறக்கத்துக்காகவே மின்தேக்குதிறனை 20 மடங்கு ஏற்றியிருக்கிறோம். இரண்டையும் சேர்த்தால் நிகர லாபம் 20 மடங்குதான். மின்னூட்டம் மாறவில்லை, அதைத் தள்ளும் வோல்ட் மட்டும் 20 மடங்கு குறைந்திருக்கிறது என்று யோசித்தாலும் அதே விடை வரும். 20 மடங்கும் சிறிய விஷயம் இல்லை.

தடித்த காப்பை வைத்துக்கொண்டு, சாதனத்தைக் குறைந்த வோல்ட்டிலேயே ஓட்டினால் என்ன?

மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் உள்ள வித்தியாசம் போய்விடும். மின்னோட்டம் பத்து மடங்கு மாற கேட்டில் எத்தனை மில்லிவோல்ட் வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அறை வெப்பநிலையில் இயற்பியல் அனுமதிக்கும் குறைந்தபட்சம் சுமார் 60 மில்லிவோல்ட். குறைக்கடத்தியும் காப்பும் சந்திக்கும் இடத்தில் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குறைபாடுகள் இருக்கும். அவை இந்த எண்ணை ஏற்றிவிடும். காப்பின் மின்தேக்குதிறன் பெரிதாக இருந்தால் அதே குறைபாடுகளின் பாதிப்பு சுருங்கிவிடும்.

தடித்த காப்புள்ள சாதனத்தில் பத்து மடங்குக்கு ஒரு வோல்ட் ஆகும் என்றால், லட்சம் மடங்கு மாற்றத்துக்கு 5 வோல்ட் செலவு. சாம் சாதனத்தில் 100 மில்லிவோல்ட் என்றால் அரை வோல்ட்டில் முடிந்தது. சாம் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் மூடிப்போவதால் குறைபாடுகளே குறைகின்றன என்பது கூடுதல் நன்மை.

இந்தத் துறையில் ஒரு பெரிய மோசடி நடந்தது என்கிறார்களே?

ஆமாம், அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த யான் ஹென்ரிக் ஷோன், 2001-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாம் அடுக்கே குறைக்கடத்தியாக, ஒரே மூலக்கூறு நீளமுள்ள பாதையில் டிரான்சிஸ்டர் ஓடுகிறது என்பது அதன் சாரம். உலகமே திரும்பிப் பார்த்தது. பல குழுக்கள் அதே முறையைச் செய்து பார்த்தன; யாருக்கும் வரவில்லை.

பிறகு வெவ்வேறு சாதனங்களுக்கானவை என்று வெவ்வேறு கட்டுரைகளில் வந்த வரைபடங்களில் இரைச்சல் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதை லிடியா சோனும் பால் மெக்யூவனும் கவனித்தார்கள். இரைச்சல் என்பது தற்செயல் ஏற்ற இறக்கம். இரண்டு அளவீடுகளில் அது அப்படியே திரும்ப வர வாய்ப்பே இல்லை. மால்கம் பீஸ்லி தலைமையிலான குழு 2002 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. 24 குற்றச்சாட்டுகளில் 16-இல் முறைகேடு நடந்தது உறுதியானது. மூலத் தரவுகள் அழிக்கப்பட்டிருந்தன, ஒழுங்கான ஆய்வகக் குறிப்பேடும் இல்லை. உடன் எழுதியவர்கள் முறைகேட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஷோன் வேலையை இழந்தார், கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இதில் எனக்கு மிகவும் வருத்தமாக இருப்பது, அந்த முடிவுகளை நம்பி அவற்றைத் திரும்பச் செய்து பார்க்க முயன்ற மாணவர்களின் காலம். "உனக்குக் கைப்பக்குவம் போதவில்லை" என்றுதான் அவர்களில் பலர் தங்களையே நினைத்திருப்பார்கள்.

சாமையே குறைக்கடத்தியாக்குவது அப்படியானால் நடக்காத காரியமா?

நடந்தது, நேர்மையான வழியில். 2008-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பிலிப்ஸ் ஆய்வகத்தை மையமாகக் கொண்ட குழு, மாஸ்கோவில் உருவாக்கிய மூலக்கூற்றைக் கொண்டு நேச்சரில் வெளியிட்டது. ஐந்து தயோஃபீன் வளையங்கள் சேர்ந்த கரு, அதிலிருந்து ஒரு நீண்ட சங்கிலி, நுனியில் ஒரே ஒரு பிணைப்பு மட்டும் போடக்கூடிய சிலேன் நங்கூரம். ஒரே பிணைப்பு என்பதால் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைந்து கட்டியாகவில்லை. கரு திரவப் படிகங்களைப் போல் தானாக ஒழுங்காகும் தன்மை கொண்டது என்பதால் பல மைக்ரோமீட்டர் தூரத்துக்குப் பாதை அறுபடாமல் அமைந்தது. நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் 15 பிட் குறியீட்டு உற்பத்திச் சுற்றையே காட்டினார்கள்.

குழம்பிக்கொள்ள வேண்டாம்: இது குறைந்த மின்னழுத்தச் சாதனம் இல்லை, இதில் காப்பு வழக்கமான தடித்த ஆக்சைடுதான். இங்கே சாம் மின்சாரத்தைக் கடத்துகிறது. மேலே பார்த்த கிளவுக் குழுவின் சாதனங்களில் சாம் மின்சாரத்தைத் தடுக்கிறது.

மடக்கினால் இந்த மெல்லிய அடுக்கு உடையாதா?

மெல்லியதாக இருப்பதே இங்கே பாதுகாப்பு. தாளை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, நடுவில் ஒரு தளம் இரண்டும் இல்லாமல் இருக்கிறது. டிரான்சிஸ்டரை அந்தத் தளத்தில் அமர வைத்துவிட்டால் போதும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தக்காவோ சோமேயா குழுவும் ஸ்டுட்கார்ட் குழுவும் சேர்ந்து 2010-இல் 12.5 மைக்ரோமீட்டர் பாலிஇமைடு தாளில் இதைச் செய்து, 100 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு வளைத்தபோதும் சுற்றுகள் ஓடுவதைக் காட்டினார்கள். மேலே அதே கனத்தில் ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டு டிரான்சிஸ்டரை நடுவுக்குக் கொண்டுவந்ததுதான் அதன் சூட்சுமம்.

2013-இல் சோமேயா குழுவும் ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகக் குழுவும் இன்னும் கீழே போனார்கள். ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய பாலிஎஸ்டர் வகைப் படலம், ஒரு சதுர மீட்டருக்கு 3 கிராம் எடை. அலுவலகத்தில் பயன்படுத்தும் காகிதம் 80 கிராம். கையில் கசக்கிப் பிரித்த பிறகும் ஓடியது. அதிலும் காப்பு அலுமினியம் ஆக்சைடும் சாமும் சேர்ந்ததுதான், ஆக்சைடு மட்டும் சற்றுத் தடிமன். இதற்கு இடையில் 2011-இல் ஷீஷாங்கும் சகாக்களும் நிஜப் பணத்தாளின் மேலேயே சுமார் நூறு டிரான்சிஸ்டர்களைச் செய்து 3 வோல்ட்டில் ஓட்டினார்கள். நாரும் மையும் நிறைந்த அந்தக் கரடுமுரடான பரப்பில் 5.7 நானோமீட்டர் காப்பு தாக்குப்பிடித்தது என்பதை முதலில் படித்தபோது நம்பச் சிரமமாக இருந்தது.

காற்றும் சூடும் பட்டால் எவ்வளவு நாள் தாங்கும்?

பலவீனம் பெரும்பாலும் குறைக்கடத்தியில்தான். பென்டசீன் காற்றில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைகிறது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் டாக்கிமியா குழு 2007-இல் வெளியிட்ட டிஎன்டிடி என்ற மூலக்கூறு வந்த பிறகு நிலைமை மாறியது. வளையங்களுக்கு நடுவே கந்தகம் கொண்ட இது காற்றில் பென்டசீனைவிட மிக நிலையாக இருக்கிறது, கடத்துவதிலும் முந்துகிறது. இந்த வேலைக்கு இன்று முதலில் கைக்கு வருவது அதுவோ அதன் உறவுகளோதான்.

சூட்டைப் பொறுத்தவரை, 2012-இல் டிஎன்டிடியும் சாமும் சேர்ந்த சாதனங்கள் 150 டிகிரி வரை சூடாக்கிய பிறகும் வேலை செய்தன. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வெப்பத்தைத் தாங்கும் என்பது உடலோடு சேரும் சாதனங்களுக்கு அவசியமான தகுதி.

வேகம்?

சிலிக்கானோடு போட்டியே இல்லை. குறைந்த வோல்ட் என்பதே வேகத்துக்கு எதிரி, ஏனென்றால் மின்னூட்டத்தை இழுக்கும் விசை குறைகிறது. ஈடுகட்ட பாதையின் நீளத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தங்கத்துக்கும் குறைக்கடத்திக்கும் இடையிலான தொடுகைத் தடை முன்னுக்கு வந்து நிற்கும். அந்தத் தடையைக் குறைத்து, சிலிக்கான் படலத்தில் வெட்டிய நுண்ணிய துளைத்தகடுகளால் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான பாதைகளை அமைத்து, ஸ்டுட்கார்ட் குழு 2020-இல் பிளாஸ்டிக் தாளில் 3 வோல்ட்டில் 21 மெகாஹெர்ட்ஸ் எட்டியது. இதயத் துடிப்பையோ அழுத்தத்தையோ அளக்க இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமே தாராளம். சிறிய திரைகளை ஓட்டவும் இது எட்டும் தூரம்தான்.

சாமின் மேல் முனையை மாற்றினால் என்ன ஆகும்?

சங்கிலியில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளூரின் வைத்தால் அடுக்கின் இருமுனைத் திருப்புத்திறன் மாறி, டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் மின்னழுத்தம் நகரும். கனத்தை மாற்றாமல், வேறு அமிலத்தில் முக்கி எடுத்தே சுவிட்ச் எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். இரண்டு அமிலங்களைக் கலந்தால் இடைப்பட்ட மதிப்புகளும் கிடைக்கும். சுற்று வடிவமைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. இன்னும் போதுமான அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது என் எண்ணம்.

இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் கடையில் காணோம்?

மூன்று முட்டுக்கட்டைகள். முதலாவது, எலக்ட்ரான் கடத்தும் வகை எப்போதும் பின்தங்கியே வருகிறது. மின்னூட்டம் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதைச் சொல்லும் அளவு இயங்குதிறன். 2007-இல் பென்டசீனுடையது 0.6, ஃபுளூரினேற்றிய காப்பர் தாலோசயனினுடையது 0.02 (இரண்டும் வோல்ட்-வினாடிக்குச் சதுர சென்டிமீட்டரில்). அதன் பிறகு நல்ல மூலக்கூறுகள் வந்திருந்தாலும் காற்றிலும் ஈரத்திலும் இரண்டு வகையும் சமமாக நிலைத்திருப்பது இன்னும் கைகூடவில்லை. இரண்டாவது, ஒரு தாளில் இருக்கும் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சில நானோமீட்டர் காப்பில் ஒரு தூசிக்கு ஒரு டிரான்சிஸ்டர் போய்விடும் என்பதால் பெரிய பரப்பில் இது கடினம். மூன்றாவது, வெற்றிடத்தில் ஒவ்வொரு தாளாகப் படிய வைப்பது செய்தித்தாள் அச்சடிக்கும் வேகத்தில் நடக்காது.

இவற்றில் முதலாவதில்தான் வேதியியலாளர்களின் கை ஓங்க வேண்டும் என்று நினைக்கிறேன். காப்பு அடுக்குத் தன் வேலையை 2007-இலேயே முடித்துவிட்டது. அதற்கு இணையான எலக்ட்ரான் கடத்தி ஒன்று, காற்றில் வருடக்கணக்கில் நிற்கக்கூடியதாக வந்துவிட்டால், மற்ற இரண்டும் தொழிற்சாலைப் பொறியியலாகிவிடும்.